வானொலிப் பாட்டுப் பேச்சு

திரையிசையையும் நாட்டார் பாடல்களையும் ஒலிக்கவிட்டு அவற்றைப் பற்றி உரையாடும் வானொலி வடிவம். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. நிலையத்தில் 1952 முதல் 1997 வரை பேசிய ஸ்டட்ஸ் டெர்கெல் இதன் பெரும் முன்னோடி. 1963-இல் இளம் பாப் டிலனைப் பேட்டி கண்டவர்.

தமிழில் இதை வளர்த்தது இலங்கை வானொலி. 1952-இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கியபோது நேயர்கள் கொழும்புக்குத் தாவினர். அந்த இழப்பே 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி பிறக்கக் காரணமானது. இலங்கை வானொலியில் ஒரு பாட்டுக்கு முன் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என நால்வகைத் தகவலையும் நிதானமாகச் சொல்லும் வழக்கம் சாதாரணமானதல்ல. தமிழர் பலரின் பாட்டறிவு அதிலிருந்தே வந்தது. பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியும் அங்குதான் தொடங்கியது.

நாட்டார் பாடலுக்கு அகில இந்திய வானொலி செய்த தொண்டு பெரிது. வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்தார்.

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் சென்னை வானொலியின் ஒலிபரப்பு நிலையம் உள்ளது; அதனால் சென்னையில் அதைப் பிடிப்பது எளிது. அன்று கொழும்பைப் பிடிக்கவோ வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழையாய் நகர்த்த வேண்டியிருந்தது; சரணத்தின் நடுவே குரல் மங்கி, இரைச்சலோடு திரும்பியது.