சுருட்டுக்குள் ஒரு வண்டு

1792ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அது. நிலத்தை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருடைய உதவியாளராக வந்து தர்மபுரியில் தங்கியவர் தாமஸ் மன்றோ. அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இரண்டு மூன்று மில்லிமீட்டரே இருக்கும் ஒரு செம்பழுப்பு வண்டுக்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்று அதன் பெயர் லாசியோடெர்மா செரிகோர்னே. ஊர் உலகத்துக்கு அது புகையிலை வண்டு.

மன்றோவைப் பற்றி நம் பக்கத்தில் எல்லோரும் பேசுவார்கள். நான் பேச வந்தது வண்டைப் பற்றி.

வண்டுக்கு முன் சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம்முடைய 'சுருட்டு'தான். புகையிலை அமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த இலையைச் சுருட்டி, அந்தச் சொல்லை வெள்ளைக்காரனுக்கே திருப்பிக் கொடுத்தோம். திருச்சி உறையூரில் சுருட்டுத் தொழில் தழைத்தது. அதற்கான இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி தொழிற்சாலையே நடத்தியது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். லண்டன் வாசகனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படாத அளவுக்கு அது தெரிந்த சரக்கு.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் என் வயதுக்காரர்கள் சிலர் வெளிநாட்டுச் சுருட்டு வாங்கி வீட்டில் வைக்கிறார்கள். அதற்கென்று ஹ்யூமிடர் என்ற மரப்பெட்டி. அதற்கு ஒரு பழைய சூத்திரம்: 70 டிகிரி ஃபாரன்ஹீட், 70 சதவீத ஈரப்பதம். பெட்டி பார்த்துக்கொள்வது இரண்டாவது எழுபதை மட்டும்தான். முதல் எழுபது, அதாவது 21 டிகிரி செல்சியஸ், வெளியே இருக்கும் ஊர் தரவேண்டியது. தர்மபுரியில் ஏப்ரல், மே மாதத்தில் அதை யார் தருவது?

கணக்கு எளிது. 21 டிகிரியில் 70 சதவீத ஈரம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி. அதே காற்றை வெளிநீர் சேராமல் 38 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 28 சதவீதத்துக்கு விழும், சுருட்டு சருகாகும். சருகாகக் கூடாதென்று தண்ணீர் வைத்து 70ஐப் பிடித்தால் 32 கிராம் நீராவி. இலை பதமாகத்தான் இருக்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்த அந்தப் பெட்டி வண்டுக்குப் பிரசவ அறை.

ஏனென்றால் இந்த வண்டுக்கு மிகவும் பிடித்தது 30 டிகிரியை ஒட்டிய சூடு. அந்தச் சூட்டில் முட்டை வண்டாக ஒரு மாதம், கொஞ்சம் முன்னே பின்னே. 18 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். தின்பது வண்டு அல்ல, அதன் புழு. வளர்ந்த வண்டு குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை கண்ணில் படும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். நிகோட்டின் என்பது பூச்சிகளைக் கொல்லச் செடி தயாரிக்கும் விஷம். அதைத் தின்று புழு எப்படிப் பிழைக்கிறது? அதன் குடலோரச் செல்களில் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. விஷத்தை முறிப்பதும் சத்து கொடுப்பதும் அதன் வேலை. தாய் வண்டு முட்டையின் மேல் அதைப் பூசி வைக்கும்; குஞ்சுப் புழு முட்டைத்தோலைத் தின்னும்போது அதுவும் உள்ளே போய்விடும். சீதனம் மாதிரி.

பெயரைப் பார்த்து இது புகையிலைக்கென்றே பிறந்தது என்று நினைக்கவேண்டாம். துட்டன்காமுன் கல்லறையிலேயே இந்த வண்டு கிடைத்திருக்கிறது. 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் புகையிலை ஏது? மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல், மாவு, உலர்ந்த மூலிகை, புத்தக அட்டையின் பசை என எதுவும் அதற்கு ஆகும். அரூர்ப் பக்கத்து மஞ்சள் மூட்டையும் ஹவானா சுருட்டும் அதற்கு ஒன்றுதான். செடியைத் தேடி அலையும் பூச்சி இல்லை இது. மனிதன் எதையாவது நாளைக்கு என்று எடுத்து வைத்தால், அங்கே வந்து குடியேறும். அது தின்பது நம் சேமிப்பை.

மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. 1916இல் அமெரிக்க வேளாண் துறையின் ஜி. ஏ. ரன்னர், எக்ஸ் கதிர் பட்ட புகையிலை வண்டுகளின் முட்டை பொரிப்பதில்லை என்று கண்டு எழுதினார். பூச்சியை மலடாக்கிப் பூச்சியை ஒழிக்கும் முறை பிற்பாடு வேறு கைகளில் பெரிய அறிவியலாக வளர்ந்தது. கிடங்குகளுக்குப் பாஸ்பீன் புகை வந்தது. அந்தப் புகையைத் தரும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரிசிக்கென்று வீட்டில் வைக்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். வீட்டுக்குள் வரவே கூடாது. வீட்டுக்குச் சரியான வழி குளிர்தான். காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நாலைந்து நாள், பிறகு ஒருநாள் ஃப்ரிட்ஜில், பிறகு வெளியே. ஒரேயடியாகச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மேல் இலை வெடிக்கும். அதன் பிறகும் வீட்டிலேயே குளிர்ந்த மூலையில்தான் வைக்கவேண்டும். வண்டிடமிருந்து சுருட்டைக் காப்பாற்றலாம். சுருட்டிடமிருந்து நுரையீரலைக் காப்பாற்ற ஒரு பெட்டியும் கிடையாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யத் தேவைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெட்டிக்கடையில் ஒன்றோ இரண்டோ வாங்கி, மடியில் செருகி, பொழுது சாய்வதற்குள் பற்றவைத்தாயிற்று. வண்டுக்கு ஒரு மாதம் வேண்டும். கூலிக்காரன் சுருட்டுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சேர்த்து வைக்க வசதியுள்ளவனுக்குத்தான் வண்டு பிரச்சினை. கப்பலில் ஏற்றியவனுக்கு, கிடங்கு வைத்தவனுக்கு, இன்றைக்கு ஹ்யூமிடர் வைத்திருப்பவனுக்கு.

ஆனால் சேர்த்து வைத்தே ஆகவேண்டிய ஒன்று நம்மிடமும் இருந்தது: ஓலைச்சுவடி. அதைத் துளைக்கும் பூச்சிக்கு நம் ஆட்கள் ராமபாணம் என்று பெயர் வைத்தார்கள். ஏடு ஏடாக நேர்கோட்டில் ஊடுருவிப் போவதால் அந்தப் பெயர். வேப்பிலை, வசம்பு, மஞ்சள் என எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் நிரந்தரக் காப்பு இல்லை. நிரந்தரமான ஒரே வழி, ஏடு சிதைவதற்குள் புது ஏட்டில் பெயர்த்து எழுதுவது. மென்பொருள்காரர்களுக்கு இது புதிதில்லை. வட்டு எப்படியும் ஒருநாள் போகும். பிரதி இருந்தால் பிழைத்தோம். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிப் பாடிய 'புகையிலை விடு தூது' நம் கைக்கு வந்தது அப்படித்தான். யாரோ எழுதி வைத்தார்கள், உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். புகையிலையின் புகழ் வண்டுக்குத் தப்பியது.

பாட்டுக்குப் பிரதி எடுத்தோம். சுருட்டுக்கு எடுக்கவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தெரிந்த அந்தச் சாம்பலின் நிறம், இலையை எவ்வளவு நனைக்கவேண்டும், எந்த அழுத்தத்தில் உருட்டினால் புகை தடையில்லாமல் வரும் என்பதெல்லாம் உறையூர் வீடுகளில் விரல் நுனியில் இருந்த அறிவு. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக் கற்றது. அந்தத் தொழில் இன்று சுருங்கிவிட்டது. அடுத்த தலைமுறை அதில் உட்காரவேண்டும் என்று யாரும் விரும்பவும் முடியாது. நாள் முழுக்கப் புகையிலைத் தூசியில் வேலை, கொஞ்சக் கூலி. நானும் விரும்பமாட்டேன். ஆனாலும் ஒரு தொழில் சாகலாம் என்பது வேறு, அது எப்படிச் செய்யப்பட்டது என்ற குறிப்புகூட இல்லாமல் சாவது வேறு. ஹவானா சுருட்டுக்குப் பெட்டி வாங்குகிற நேரத்தில் உறையூருக்கு ஒருமுறை போய், மிச்சமிருக்கும் கைகளின் முன் ஒரு கேமராவோடு உட்காரலாம். உலகத்துக்கு நாம் கொடுத்த ஒரு சொல்லின் பொருள் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.