பாரிஸில் மன்னராட்சி கவிழ்ந்தது... தூத்துக்குடியில் கொடி மாறியது! எப்படி?

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வ.உ.சி பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனா அவருக்கு ரொம்ப காலம் முன்னாடியே இன்னொரு 'வி.ஓ.சி' இந்தத் துறைமுகத்தைக் கையில் வைத்திருந்தது தெரியுமா? டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் அது. 1658-ல் போர்ச்சுகீசியர்களிடம் இருந்து தூத்துக்குடியைப் பிடித்த அந்தக் கம்பெனி, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முத்து, சங்கு, துணி வியாபாரத்தில் கொழித்தது.

அந்தக் கம்பெனியின் கதை முடிந்ததற்கு ஒரு காரணம், ஒரு மன்னருக்கு எதிராக பாரிஸில் வெடித்த புரட்சி. இரண்டுக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

பிரெஞ்சுப் புரட்சி ஏன் வெடித்தது?

பிரான்ஸில் அப்போது 16-ம் லூயி மன்னர். அவர் வைத்ததுதான் சட்டம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராகச் செலவழித்ததில் கஜானா காலி, கழுத்து வரை கடன். மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் பெரும்பாலான வரிகளில் சலுகை. மொத்தச் சுமையும் விவசாயி, தொழிலாளி, வியாபாரி தலையில்!

போதாக்குறைக்கு 1788-ல் விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை எகிறியது. கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே போனது.

வேறு வழியில்லாமல் 1789 மே மாதம் மன்னர் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். 1614-க்குப் பிறகு அந்தச் சபை கூடியது அப்போதுதான். ஜூலை 14-ல் பாஸ்டில் சிறை மக்கள் கையில் விழுந்தது. ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. 1792-ல் மன்னராட்சி ஒழிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21-ல் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது.

தூத்துக்குடிக்கு எப்படி வந்தது?

அடுத்த மாதமே, அதாவது 1793 பிப்ரவரி 1-ல், பிரிட்டன் மீதும் டச்சு நாட்டின் மீதும் பிரான்ஸ் போர் அறிவித்தது. அந்த ஆண்டே புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்தது. டச்சு ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் லண்டனுக்குத் தப்பி ஓடினார். அங்கிருந்து தன் குடியேற்றப் பகுதிகளின் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்காமல் இருக்க, ஆங்கிலேயர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்பதுதான் உத்தரவு.

ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? 1795-ல் தூத்துக்குடி, திருகோணமலை, யாழ்ப்பாணம், 1796 பிப்ரவரியில் கொழும்பு என வரிசையாகக் கைப்பற்றினார்கள். ஏற்கெனவே கடனில் தள்ளாடிய டச்சுக் கம்பெனியை 1796-ல் புதிய டச்சுக் குடியரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. 1799 கடைசியோடு அதன் உரிமமும் முடிந்தது.

1818-ல் தூத்துக்குடி டச்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1824 ஒப்பந்தத்தின்படி, 1825 ஜூன் 1-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது.

கட்டபொம்மன் கிளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா?

பாளையக்காரர்கள் பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்துக் கிளம்பினார்கள் என்று சொல்ல முடியாது. கம்பெனி கேட்ட கிஸ்தியும், அவர்களுடைய அதிகாரத்தைப் பறித்ததும்தான் காரணம். ஆனா போர்ச் சூழல் இங்கேயும் எட்டியது. பிரான்ஸுடன் தொடர்பு வைத்திருந்த திப்பு சுல்தான் 1799 மே 4-ல் போரில் இறந்தார். அந்தப் போர் முடிந்ததும் மேஜர் பானர்மேன் தலைமையில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படை வந்தது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையே சிறிது காலம் பிடித்து வைத்திருந்தார்கள்.

முத்துக்குளித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

முக்கியமான கேள்வியே இதுதான். எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்த புரட்சியின் அலை, உலகம் முழுக்க அடித்தது. பிரான்ஸின் கரீபிய காலனியில் அடிமைகள் 1791-ல் கிளர்ந்தெழுந்து, 1804-ல் ஹைட்டி என்ற சுதந்திர நாட்டையே உருவாக்கினார்கள்.

முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தது சமத்துவம் இல்லை, புது முதலாளிதான். மன்னார் கடலைப் பிடித்த கையோடு 1796, 1797, 1798 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தி ஆங்கிலேயர்கள் அள்ளினார்கள். எந்தப் பாரில், எப்போது, எத்தனை படகு இறங்கலாம் என்பதை எல்லாம் அரசுதான் தீர்மானித்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஆழத்தில் இறங்கியவர்கள் பரதவர்களும் கடலோர முஸ்லிம்களும். ஆனால் எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கு. பிற்காலத்தில் தூத்துக்குடியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது.

போர்ச்சுகீசியர் போய் டச்சுக்காரர் வந்தார்கள். டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். கரையில் கொடி மாறியது, கடலில் பங்கு பிரிக்கும் அதிகாரம் மட்டும் மேலேயே இருந்தது.

இப்போது?

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இந்தக் கடலில் இறங்குகிறார்கள். டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் ஊரில் நிற்கிறது. தூத்துக்குடி பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. ரொட்டி விலையில் தொடங்கிய ஒரு கோபம், எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.