எக்சர்சைஸ் பைக் டெஸ்க்: வேலையும் பெடலும் ஒன்றாக ஓடுமா? வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

காலை 9 மணிக்கு லாகின். மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தால் ஹாலுக்குப் பத்து அடி. மறுபடியும் நாற்காலி. இரவு லேப்டாப்பை மூடிவிட்டு போனில் ஸ்டெப் கவுன்ட்டரைப் பார்த்தால், எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பலருக்கு இதுதான் தினசரி கதை.

‘வேலை பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிக்கலாம்’ என்று வரும் விளம்பரங்கள் குறிவைப்பது இவர்களைத்தான். ஆனால், ஆசையாக வாங்கிய பைக் மூன்றே மாதத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறுவதும் நடக்கிறது. அதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் இல்லை. முழங்கால் மேசையில் இடிக்கும், நாற்காலி பின்னால் நகரும், மீட்டிங்கில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

எதை வாங்கலாம், யாருக்கு இது சரிப்படும், யாருக்குச் சரிப்படாது? பார்க்கலாம்.

எத்தனை வகை இருக்கிறது?

‘பைக் டெஸ்க்’ என்று தேடினால் நான்கு விதமான பொருட்கள் வரும். நான்கும் ஒன்றல்ல.

1. மேசைக்கு அடியில் வைக்கும் மினி பெடல்: சீட் கிடையாது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். விலையும் குறைவு, அடைக்கும் இடமும் குறைவு.

2. மேசைக்கு அடியில் வைக்கும் எலிப்டிக்கல்: கால் முழு வட்டமாகச் சுற்றாது, முன்னும் பின்னுமாக நீள்வட்டத்தில் நகரும். முழங்கால் அதிகம் மேலே வராது என்பதால் உயரம் குறைந்த மேசைக்கு இது ஒத்துவரும்.

3. சீட் உள்ள டெஸ்க் பைக்: கைப்பிடி இல்லாத சைக்கிள் மாதிரி இருக்கும். உயரத்தை ஏற்றி இறக்கும் மேசைக்கு அடியில் தள்ளிப் பயன்படுத்த வேண்டும்.

4. மேசையோடு சேர்ந்த பைக்: லேப்டாப் வைக்கும் பலகை பைக்கிலேயே பொருத்தப்பட்டிருக்கும். தனி மேசை தேவையில்லை. நான்கில் அதிக விலையும் அதிக எடையும் பெரும்பாலும் இதற்குத்தான்.

உட்கார்ந்தே இருந்தால் என்னதான் ஆகும்?

இந்தக் கேள்விக்கு வயது 70-க்கும் மேல். லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் குழு, 1953-ல் ‘தி லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை. அதோடு, உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், அந்த நேரத்தில் லேசான அசைவு இருந்தால்கூட நல்லது என்றும் அது சொல்கிறது.

நம் நாட்டுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் ஐசிஎம்ஆர் – இன்டியாப் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது.

சரி, மிதித்தால் எடை குறையுமா?

இந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சுமார் 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் லேசாக மிதித்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல் தோராயமாக 100 முதல் 130 கலோரி. டீ நேரத்தில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

பைக்கின் திரையில் ‘300 கலோரி’ என்று காட்டினாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பல மாடல்களில் மிதிப்பவரின் எடை என்ன என்பதே அந்த மீட்டருக்குத் தெரியாது. சுற்றுகளை வைத்து ஒரு பொதுக் கணக்கு போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

அதற்காக இது வீண் என்று அர்த்தமில்லை. மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும் கால் தசைகளுக்கு வேலை கொடுப்பதுதான் இதன் உண்மையான பயன். வாக்கிங், ஜிம், விளையாட்டுக்கு இது மாற்று அல்ல, கூடுதல்.

மிதித்துக்கொண்டே வேலை செய்ய முடியுமா?

அமெரிக்காவின் மாயோ கிளினிக் 44 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. நிற்கும் மேசை, நடக்கும் மேசை, ஸ்டெப்பர் வைத்த மேசை ஆகியவற்றில் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். யோசிக்கும் திறன் குறையவில்லை, சிலவற்றில் மேம்படவும் செய்தது. டைப்பிங் வேகம் மட்டும் லேசாகக் குறைந்தது. தவறுகள் கூடவில்லை.

நடைமுறையில் இதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

மிதிக்கலாம்: மெயில் படிப்பது, மைக்கை அணைத்துவிட்டு மீட்டிங் கேட்பது, பயிற்சி வீடியோ பார்ப்பது, ரிப்போர்ட் புரட்டுவது.

நிறுத்திவிடலாம்: மவுஸில் நுணுக்கமாக வேலை செய்வது, வேகமாக டைப் அடிப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, கணக்கில் ஒரு எண்கூடத் தப்பக் கூடாத வேலை.

உங்கள் ஒரு நாள் வேலையில் முதல் பட்டியலுக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை என்றால், விலை அதிகமான பைக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முதலில் டேப்பை எடுங்க!

வாங்கியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வீட்டில் இருக்கும் சாதாரண மேசையின் உயரம் ஏறக்குறைய 75 செ.மீ. பலகையின் தடிமன் போக, அடியில் கிடைப்பது 70 செ.மீ-தான். கீபோர்டு வைக்கும் இழுப்பறை இருந்தால் இன்னும் குறையும்.

மினி பெடல் வாங்கும் முன் இந்த ஐந்து நிமிட சோதனையைச் செய்து பாருங்கள்:

* பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பொருளின் விவரத்தில் பாருங்கள். பல மாடல்களில் இது 25 முதல் 30 செ.மீ வரை இருக்கும்.
* அதே உயரத்துக்குப் பழைய புத்தகங்களை அடுக்கி, மேசைக்கு அடியில் பெடல் வரும் இடத்தில் வையுங்கள்.
* வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை அந்த அடுக்கின் மேல் வையுங்கள்.
* முழங்காலுக்கும் மேசைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா? இருந்தால் வாங்கலாம். முழங்கால் இடித்தால் உயரம் குறைந்த மாடல் அல்லது எலிப்டிக்கல்தான் வழி.

சீட் உள்ள டெஸ்க் பைக் என்றால் கணக்கு தலைகீழ். அதில் உட்காரும் உயரமே அதிகம். அதனால் 75 செ.மீ மேசை பத்தாது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய மேசை வேண்டும். ‘பைக் மட்டும் வாங்கிக்கலாம், மேசைதான் இருக்கே’ என்று நினைப்பவர்கள் பைக் வந்த பிறகு மேசைக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

உட்காரும் விதத்தில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், முழுதாக நீளக் கூடாது. டைப் அடிக்கும்போது முழங்கை ஏறக்குறைய ‘எல்’ வடிவில் இருக்க வேண்டும், தோள் தூக்கக் கூடாது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இதற்கு லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் உயர்த்தி வைத்து, தனி கீபோர்டு பயன்படுத்துவது நல்லது.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

* ரெசிஸ்டன்ஸ் வகை: காந்த முறையில் இயங்குவதில் உரசல் இல்லை, சத்தமும் குறைவு. விலை குறைந்த மாடல்களில் உள்ள உரசல் முறையில் சத்தமும் சூடும் வரும், பட்டையோ பேடோ தேயும். மீட்டிங்கில் இருப்பவர்களுக்குக் காந்த முறைதான் சரி.
* எடை: மினி பெடல் ரொம்ப இலேசாக இருந்தால் மிதிக்க மிதிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும்.
* தாங்கும் எடை: சீட் உள்ள பைக் என்றால், உங்கள் எடையைவிடக் குறைந்தது 15 முதல் 20 கிலோ அதிகமாகத் தாங்குவதைப் பாருங்கள்.
* சீட்: அகலமாக, முன்பின் நகர்த்தும் வசதியோடு இருக்க வேண்டும். சாய்மானம் இல்லாத சீட்டில் நாள் முழுக்க வேலை பார்க்க முடியாது. சாதாரண நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.
* பலகை: மிதிக்கும்போது ஆடுகிறதா? லேப்டாப் வழுக்காமல் இருக்க ஓரத்தில் தடுப்பு உண்டா?
* சர்வீஸ்: பெடலும் அதைத் தாங்கும் கம்பியும் முதலில் பழுதாகும் பாகங்கள். அவற்றுக்கு வாரன்டி உண்டா, உங்கள் ஊருக்கு ஆள் வருவார்களா என்று கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், இத்தனை பெரிய பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஆர்டர் போடும் முன்பே படியுங்கள். ரிட்டர்ன், வாரன்டி விவரங்களை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. சிக்கல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

டைல்ஸ் தரையில் ரப்பர் மேட் போடாமல் எந்த பெடலும் நிற்காது. சக்கர நாற்காலி என்றால், ஒரு மிதிக்கு ஒரு அங்குலம் பின்னால் போகும். சக்கரத்தை லாக் செய்யுங்கள், இல்லையென்றால் சாதாரண நான்கு கால் நாற்காலியில் உட்காருங்கள்.

உடையும் முக்கியம். துப்பட்டா, புடவை, நைட்டி, லுங்கி எல்லாம் பெடலில் சிக்கும். கால் பகுதி இறுக்கமான உடையே பாதுகாப்பு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், விரல் நுழையும் இடைவெளி இல்லாத, மூடிய அமைப்புள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டும். மேட் போட்டால் அதிர்வு குறையும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் காற்று நேராக வரும் இடம் பார்த்து வையுங்கள்.

யார் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது?

இதய நோய் உள்ளவர்கள், மூட்டுத் தேய்மானம் அல்லது முதுகுத் தண்டு பிரச்னை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். இன்சுலின் போன்ற மருந்து எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு, வழக்கத்தைவிட அதிகம் மிதித்தால் சர்க்கரை திடீரென இறங்க வாய்ப்புண்டு. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மிதிக்கவே கூடாது. காயம் பட்டாலும் தெரியாது.

மிதிக்கும்போது நெஞ்சு வலி, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, தலா 10 நிமிடம் போதும். ரெசிஸ்டன்ஸ் குறைந்த அளவில் இருக்கட்டும். மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிந்தால் வேகம் சரி. வியர்த்துக் கொட்டினால் அது உடற்பயிற்சி, அதை வேலைக்கு நடுவில் செய்ய முடியாது. பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். பைக்கில் இருந்தாலும் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும்.

அப்போ, வாங்கலாமா வேண்டாமா?

அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் எழுந்து 2 நிமிடம் நடந்தவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைந்தது. எந்தக் கருவியும் இல்லாமலே!

ஒரு வாரம் போனில் அலாரம் வைத்து, அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடந்து பாருங்கள். அது முடிகிறது என்றால் பைக் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல நாற்காலியும் ஒரு ஜோடி வாக்கிங் ஷூவும் வாங்கலாம்.

அழைப்புக்கு மேல் அழைப்பு வந்து இடத்தை விட்டு நகரவே முடியவில்லை என்றால், உங்களுக்கு பெடல் உதவும். அப்போதும் நேராகப் பெரிய பைக்குக்குப் போக வேண்டாம். புத்தக சோதனையை முடித்துவிட்டு, மினி பெடலில் தொடங்குங்கள். யாராவது சும்மா வைத்திருந்தால் இரவல் வாங்கினால்கூடப் போதும். இரண்டு மாதம் கழித்தும் தினமும் மிதித்துக்கொண்டிருந்தால், அப்போது பெரியதைப் பற்றி யோசிக்கலாம். மிதிக்கவில்லை என்றால், மிச்சமானது பெரிய பைக்கின் விலையும் அது வீட்டில் அடைத்திருக்கும் இடமும்.