காரைக்கால்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உட்பட்ட கடற்கரை நகரம். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தெற்கே, காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது. கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. பிரெஞ்சு ஆட்சியின் எச்சம் என்றே இவ்வூரை அறிமுகப்படுத்துவது வழக்கம். ஆனால், காவிரிக் கடைமடையின் துறைமுகமாகப் பார்த்தால்தான் இதன் வரலாறு பிடிபடும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், காரைக்கால் அம்மையாராகிய புனிதவதியை வணிகர் தலைவன் தனதத்தன் மகளாகக் காட்டுகிறது. அவர் கணவன் பரமதத்தன் மரக்கலம் ஏறி வாணிபத்துக்குப் போகிறான். புராணம் வரலாறாகுமா என்று கேட்கலாம். அம்மையாரின் வாழ்க்கைக்கு அது சான்றாகாமல் போகட்டும். சேக்கிழார் காலத்தவர் காரைக்காலைக் கடல்வணிகர் ஊராக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது போதும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், வீதியுலா வரும் பிட்சாடனர் முன் மக்கள் மாங்கனிகளை வாரி இறைப்பது அம்மையார் கதையில் வரும் மாங்கனியின் தொடர்ச்சிதான்.

பிரெஞ்சுக்காரர் 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். அதற்கு முன்பே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியரும், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரரும் இருந்தனர். எல்லோரையும் இந்தக் கரைக்கு இழுத்தவை தஞ்சைச் சீமையின் நெல்லும் துணியும். 1750-இல் தஞ்சை மன்னர் பிரதாபசிங் மேலும் ஊர்களைக் கொடுக்க, எண்ணிக்கை 81 ஆயிற்று.

தரங்கம்பாடியை டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். காரைக்கால் மட்டும் தனித்து நின்றதே, அது பிரெஞ்சு ஆட்சியால் அல்லவா என்ற மறுப்பு வலுவானது. 1954 நவம்பர் 1 வரை நீடித்த அந்த ஆட்சி தனி நிர்வாகத்தைத் தந்தது; பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களை உருவாக்கியது; இங்கிருந்து மக்களை ரீயூனியன், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் அனுப்பியது. அந்தக் கடைசிச் செய்தி இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டியது.

ஆனாலும், எல்லைக்கோடு ஊரின் வாழ்வைப் பிரிக்கவில்லை. காரைக்கால் பகுதியில், சனிப்பெயர்ச்சிக்குப் பெருங்கூட்டம் கூடும் திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில், தேவாரம் பாடப்பட்ட தலம், சப்தவிடங்கம் எனப்படும் ஏழு சிவத்தலங்களில் ஒன்று. மற்ற ஆறும் திருவாரூர், வேதாரண்யம் எனத் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நீரும் அப்படித்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. அது காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர். தமிழ்நாட்டு ஆறுகள் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.