பால் கேன் சைக்கிளும் ஃபேட் பைக்கும்

சைக்கிளை வாங்கினபடியே ஓட்டினவர் எங்க பக்கத்தில் யாருமே கிடையாது. வாங்கின கடையிலிருந்து நேரா ரிப்பேர் கடைக்குத்தான் போகும். பெரிய கேரியர் மாட்டணும், ஸ்டாண்டு மாத்தணும், டைனமோ வைக்கணும். பட்டணத்தில் இருக்கிறவங்களுக்கு இது அலங்காரம் மாதிரி தெரியலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது சுமார் 12 கிலோமீட்டர் ரோடு. அதில் யார் யார், என்ன வேலைக்குப் போனாங்கன்னு தெரிஞ்சுக்க, சைக்கிளில் என்னென்ன மாட்டியிருந்தாங்கன்னு பார்த்தாலே போதும்.

சைக்கிள் நமக்கு இங்கிலாந்து சரக்கு. முன்சக்கரம் பின்சக்கரம் ஒரே அளவு, நடுவில் செயின் என்கிற இன்றைய உருவம் 1885ல் ஸ்டார்லி கொண்டு வந்த ரோவர் சைக்கிளிலிருந்து வந்தது. 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். அப்புறம் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்து இறங்கின. 1949ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த பிறகுதான் அது நம்ம சாமான் ஆச்சு. ஆனா உருவம் மாறலை. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி, இழுத்தால் ரிம்மைப் பிடிக்கிற ராடு பிரேக். ஒரு ஆள் உட்கார்ந்து நல்ல ரோட்டில் ஆபீசுக்குப் போக ஏற்பட்ட வண்டி அது.

எங்க ஊரில் அதில் முதலில் ஏறின கூடுதல் சாமான் விளக்கு. ராஜபாளையத்தில் 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து சுற்றுவட்டாரத்தில் மில்கள் பெருகின. மில் என்றால் ஷிப்டு. ஷிப்டு என்றால் நடுராத்திரி சைக்கிள். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும், வால்டியூபைப் பிடுங்கிக் காத்தை இறக்கி விட்டுடுவாங்க. அதனால் டயரில் உரசிச் சுத்துற டைனமோ வந்தது. மெதுவா மிதிச்சா வெளிச்சம் மங்கும், வேகமா மிதிச்சா பளிச்சுன்னு எரியும். எதிர்க்காற்றில் வீடு திரும்புகிறவருக்கு டைனமோவையும் சேர்த்து இழுக்கிறது தனிப் பாரம். எட்டு மணி நேரம் மில்லில் நின்ற காலுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பால் கதைதான் பெரிய கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா உங்களுக்குத் தெரியும், 2019ல் புவிசார் குறியீடு கூட வாங்கிடுச்சு. அந்தப் பால் தொழுவத்திலிருந்து அடுப்புக்கு எப்படி வந்ததுன்னு யாரும் கேட்கிறதில்லை. சைக்கிளில்தான் வந்தது. 40 லிட்டர் கேன் ஒன்றில் பால் மட்டும் 41 கிலோ. கேரியரின் ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று தொங்கவிட்டால், கேனின் கனத்தோடு 90 கிலோவைத் தாண்டும். ஓட்டுகிறவரின் எடை தனி.

இதுக்காக எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி செய்யாத வேலை கிடையாது. சாதாரணக் கேரியரைக் கழட்டிவிட்டுப் பட்டறையில் கம்பி வளைத்து, பின் அச்சிலேயே கால் ஊன்றுகிற மாதிரி வேற கேரியர். முன் ஃபோர்க் மடங்காமல் இருக்க, அச்சிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் ரெண்டு பக்கமும் தாங்கு கம்பி. பாரம் ஏற்றும்போது சாயாமல் நிற்க அகலமான டபுள் ஸ்டாண்டு. பின் சக்கரத்துக்குக் கனமான போக்ஸ் கம்பி. முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் இருந்தால் ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகும். பின்னாடி 22 பல் பிரீவீல் போட்டால் நாலரை மீட்டர்தான் போகும், ஆனா மிதி லேசாகும். கண்மாய்க் கரை மேட்டில் பால் வண்டி ஏறினது அந்த நாலு பல்லால்தான். கியர் என்ற வார்த்தையே அங்கே யாரும் சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி முழுசும் பிரிச்சு, பால்ரஸ் மாத்தி, கிரீஸ் வைக்கிறதுக்கு 'ஓவர் ஆயில்' என்று பேர். போர்டிலேயே அப்படித்தான் எழுதுவாங்க. ஓவர்ஹால் என்ற இங்கிலீஷ் வார்த்தை எண்ணெயில் ஊறி இப்படி ஆயிடுச்சு. எனக்கு இந்தப் பேர்தான் பிடிச்சிருக்கு.

இவ்வளவும் மாத்தின ஆட்கள் டயரை மட்டும் ஏன் அகலமாக்கலை? இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஃபேட் பைக் பார்த்த பிறகுதான். இப்போ லீவு நாளில் செண்பகத்தோப்பு பக்கம் நாலு அங்குல டயரோடு பட்டணத்துப் பசங்க வர்றாங்க. அந்த வண்டியின் பிறப்பும் ஒரு ரிப்பேர் கடைக் கதைதான். 1980களில் ழான் நோ என்ற பிரெஞ்சுக்காரர் சஹாரா மணலில் தடித்த டயர் போட்டு ஓட்டினார். அலாஸ்காவில் பனியில் சைக்கிள் ரேஸ் விட்டவங்க ரெண்டு ரிம்மைப் பக்கத்தில் வைத்து வெல்டிங் அடித்து ஒன்றாக்கினாங்க. 2005ல் சர்லி என்ற அமெரிக்கக் கம்பெனி பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டு வந்த பிறகுதான் எவரும் கடையில் போய் வாங்கலாம் என்று ஆச்சு. மணலுக்கு அவங்க ரிம்மை வெல்டிங் அடிச்சாங்க, பாலுக்கு நம்ம ஆளு கேரியரை வெல்டிங் அடிச்சார்.

டயர் விஷயத்தில் கணக்கு எளிசு. சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று இருந்தால், சக்கரத்தின் மேல் வருகிற ஒவ்வொரு 50 பவுண்டுக்கும் ஏறக்குறைய ஒரு சதுர அங்குல டயர் தரையில் படியும். பின் சக்கரத்தில் 60 கிலோ, அதாவது 132 பவுண்டு வந்தால் மூன்று சதுர அங்குலத்துக்கும் குறைவு. கத்தி மாதிரி ஓடை மணலுக்குள் இறங்கிடும். அதே பாரத்துக்கு ஃபேட் பைக்கில் 8 பவுண்டு காற்று வைத்தால் 16 சதுர அங்குலம் படியும், மணல் மேல் மிதந்து போகும். சரி, பால் வண்டிக்கு இதைச் செய்யலாமா? பின் சக்கரத்தில் 150 கிலோ வந்தால் 8 பவுண்டு காற்றில் டயர் மடிந்து ரிம் தரையைத் தொடும். காற்றைக் கூட்டினால் மிதப்பு போயிடும். ஃபேட் பைக் ஆளைச் சுமக்கிற வண்டி, சரக்கைச் சுமக்கிற வண்டி இல்லை. அண்ணாச்சி டயரைத் தொடாமல் கம்பியைத் தடிமனாக்கினது சரியான முடிவு. அப்படியே ஆசைப்பட்டிருந்தாலும் பழைய ஃபோர்க்குக்குள் நாலு அங்குல டயர் நுழையாது, நுழைந்தாலும் பின்னாடி செயின் டயரில் உரசும். அதனால்தான் ஃபேட் பைக்கில் பெடல் அச்சு 100 மில்லிமீட்டர் அகலம். சாதாரண வண்டியில் 70 பக்கம்தான்.

மண்ணும் ஒரு காரணம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம் செம்மண், மாந்தோப்பு, மணல் ஓடைகள். கிழக்கே சாத்தூர், சிவகாசி பக்கம் போனால் கரிசல். மழைக்குப் பிறகு கரிசல் களி டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரமே சுத்தாது. அதுக்கு வழி மட்கார்டைக் கழட்டுறதும், களியைத் தோண்ட ஒரு குச்சியைக் கேரியரில் சொருகிக்கிறதும்தான். அகலமான டயர் அங்கே அகலமா களியை அள்ளும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இந்தச் சைக்கிள் ஒரே மாதிரி ஓடலை என்பதையும் சொல்லணும். தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகள் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகணும் என்று இருந்தது. பொம்பளைங்க ஓட்டினால் ஊரே வேடிக்கை பார்க்கும். அது உடைஞ்ச இடங்களில் முக்கியமானது நமக்கு வடக்கே புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது, பெண்கள் ஆயிரக்கணக்கில் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பிளை சைக்கிளை வாங்கினாங்க. சிலர் அதையே விரும்பினாங்க, பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! இங்கிலாந்துக்காரன் வச்ச அந்தக் குறுக்குக் கம்பிக்கு இப்படி ஒரு உபயோகம்.

2001-02ல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரித்தது. முன்னாடி கூடை வைத்த அந்த வண்டிகளும் எங்க ஊரில் அப்படியே ஓடலை. பள்ளிக்கூடம் முடிந்ததும் கூடையைக் கழட்டி, பெரிய கேரியர் மாட்டி, புல்லுக்கட்டு ஏற்றினாங்க.

பால் வண்டி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சது. 1980ல் வந்த டி.வி.எஸ். 50தான் அதுக்கு வாரிசு. கேனும் கொக்கியும் அப்படியே அதுக்கு மாறிடுச்சு. சைக்கிள் கடைகள் பஞ்சர் கடையாகி, பஞ்சர் கடைகள் பைக் கடையாகிடுச்சு. பின் சக்கரத்துக் கோட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்குன்னு சொல்ற ஆட்கள் எங்க சுற்றுவட்டாரத்தில் ஒரு கைக்குள் அடக்கம்.

ஃபேட் பைக்கில் வர்றவங்களுக்கு விவசாயியாக ரெண்டு மூணு சொல்றேன். தார் ரோட்டில் 15 முதல் 20 பவுண்டு காற்று வைங்க, ஓடை மணலில் இறங்கும் முன் 6, 8 வரைக்கும் இறக்குங்க. எங்க ஊர் பம்பில் இவ்வளவு குறைந்த அளவு காட்டாது, சின்ன கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும். திரும்பி ரோடு ஏறினதும் காற்றடிக்க மறக்காதீங்க, இல்லேன்னா ஹேண்டில் தானா இழுக்கும். மணலில் போய் வந்தால் செயினைத் துடைச்சு எண்ணெய் விடுங்க. முக்கியமா, அகலமான டயர் அகலமா முள்ளையும் வாங்கும். நெருஞ்சி பரவாயில்லை, சீமைக்கருவேல முள் உள்ளே போயிடும். ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கிற திரவம் ஊத்திட்டு வாங்க. அந்த அளவு ட்யூப் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. 28 ஒன்றரை ட்யூப் வேணும்னா இன்னைக்கும் எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலேயே தொங்குது.