அழுக்குக்கு விட்ட இடத்தில் லோகோ: க்யூஆர் கோடு வடிவமைப்பின் வரலாறு

க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தேவைக்காக உருவானது. ஐச்சி மாகாணத்தில் டொயோட்டாவுக்கு உதிரிபாகங்கள் செய்து தந்த டென்சோ நிறுவனத்தில், ஒவ்வொரு பெட்டியின் விவரமும் பார்கோடில் இருந்தது. ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துகள்தான் அடங்கும். கார்களின் வகைகள் பெருகப் பெருக, ஒரே பெட்டியில் பத்துப் பார்கோடு வரை ஒட்ட வேண்டி வந்தது. தொழிலாளர்கள் நாள் முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து களைத்துப் போனார்கள். பெட்டிகளில் எண்ணெய்க் கறையும் தூசியும் படிவதால் ஸ்கேனர் பார்கோடை அடிக்கடி படிக்கவும் மறுத்தது. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் தீர்வு தேடியவர் மசாஹிரோ ஹரா. அவருடன் இருந்தவர் ஒரே ஒரு சக ஊழியர். மதிய இடைவேளையில் ஆடும் ‘கோ’ என்ற ஆட்டத்தின் பலகையில் உள்ள கறுப்பு வெள்ளைக் காய்களே கட்டங்களாக அமைக்கும் யோசனையைத் தந்ததாக ஹரா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தகவலைக் கட்டங்களில் அடைப்பதை விட, அந்தக் கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கருவிக்குச் சட்டென்று காட்டுவதுதான் கடினமாக இருந்தது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் அதற்காகவே வந்தவை. அவற்றின் மையம் வழியே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்ற பட்டைகள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். இந்த விகிதம் குருட்டாம்போக்கில் கிடைத்ததல்ல. துண்டறிக்கைகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் என அச்சில் வந்தவற்றையெல்லாம் அளந்து, எந்த விகிதம் மிக அரிதாக வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அதனால் சுற்றிலும் எவ்வளவு எழுத்தும் படமும் இருந்தாலும் கருவி ஏமாறாது. இன்றைய வடிவமைப்பாளர் மூலைச் சதுரத்தை வட்டமாக்கினாலும் பெரும்பாலான போன்கள் படித்துவிடுவதற்குக் காரணம், நடுவழியே போகும் கோட்டில் அதே விகிதம் நிற்பதுதான். சதுரத்துக்குள் பூவோ நட்சத்திரமோ வைத்து அந்த விகிதத்தைக் குலைத்தால், க்யூஆர் கோடு இருப்பதே கருவிக்குத் தெரியாது.

அழுக்குக்கு மருந்து, கணிதத்தில் முன்பே தயாராக இருந்தது. இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை அது. மூலத் தகவலோடு கணக்கிட்டு எடுத்த கூடுதல் பைட்டுகளையும் சேர்த்து எழுதிவிட்டால், சில பைட்டுகள் கெட்டாலும் மிச்சத்தை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம். க்யூஆர் கோடில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு. எல் நிலை சுமார் 7 சதவீதச் சேதம் வரை தாங்கும்; எம் 15, க்யூ 25, ஹெச் 30. இவை கறைக்கும் கிழிசலுக்கும் ஒதுக்கிய விழுக்காடுகள். பின்னால் வந்த லோகோக்கள் எல்லாம் குடியேறியது இந்த இடத்தில்தான்.

டென்சோ தன் காப்புரிமையைக் கொண்டு யாரையும் தடுக்கவில்லை. வரையறையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2000-இல் அது ஐஎஸ்ஓ தரமானது. 2002-இல் ஜப்பானில் க்யூஆர் கோடு படிக்கும் கேமரா போன்கள் விற்பனைக்கு வந்தன. தொழிற்சாலையின் லேபிள் அதன்பிறகு சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் வந்து சேர்ந்தது. வந்ததும், அது ‘பார்க்க நன்றாக இல்லை’ என்ற குறையும் கூடவே எழுந்தது. 2009-இல் ஓவியர் தகாஷி முரகாமி லூயி வுய்ட்டனுக்காகச் செய்த வண்ணக் கோடு, பிராண்டின் முகம் கோடுக்குள்ளேயே வரலாம் என்று உலகுக்குக் காட்டிய தொடக்க எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

நடுவில் லோகோ வைப்பதே மிகப் பரவலான வழி. அதன் உண்மையான செலவு பலருக்குத் தெரிவதில்லை. 33×33 கட்டங்கள் கொண்ட நான்காம் அளவுக் கோடை எடுத்துக்கொள்ளலாம். ஹெச் நிலையில் அதில் மொத்தம் 100 பைட்டுகள்; 36 தகவலுக்கு, 64 பழுதுபார்க்க. 64 பைட்டுகளைக் கொண்டு அதில் பாதியை, அதாவது 32 கெட்ட பைட்டுகளைச் சரிசெய்யலாம். எது கெட்டது என்று கண்டுபிடிக்கவும் ஒரு பைட், அதன் சரியான மதிப்பைத் தெரிந்துகொள்ளவும் ஒரு பைட் தேவைப்படுவதால் இந்தப் பாதிக் கணக்கு. இப்போது நட்ட நடுவில் 9×9 கட்ட அளவுக்கு ஒரு லோகோ வைக்கிறோம். பரப்பில் அது ஏழரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு கட்ட அகலம், நான்கு கட்ட உயரம் உள்ள பட்டையாகக் கிடக்கிறது. அதில் ஒரு கட்டத்தின் நிறம் மாறினாலும் முழுப் பைட்டும் கெட்டதாகவே கணக்கு. ஒன்பது கட்ட அகலம் ஐந்து பட்டைகளைத் தொடுகிறது; ஒவ்வொன்றிலும் மூன்று பைட்டுகள். ஏறக்குறைய 15 பைட்டுகள் போய்விடும். ஏழரை சதவீத இடத்துக்குக் கொடுத்த விலை, பழுதுபார்க்கும் திறனில் கிட்டத்தட்டப் பாதி. கண்ணாடியின் பளபளப்பு, காகிதச் சுருக்கம், மங்கிய மை எல்லாவற்றுக்கும் மிச்சம் இருப்பது மற்றப் பாதிதான். ‘30 சதவீதம் மறைக்கலாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவது எவ்வளவு ஆபத்தான அறிவுரை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

சில இடங்களில் இந்தப் பிழைதிருத்தம் எட்டிப்பார்ப்பதே இல்லை. மூலைச் சதுரங்கள் அப்படிப்பட்டவை. அவற்றை ஒட்டி ஓடும் 15 பிட்டுகள், எந்தப் பிழைதிருத்த நிலை, கட்டங்களின் கறுப்பு வெள்ளையை மாற்றிப் பரப்பும் எந்த ‘முகமூடி’ வடிவம் என்று கருவிக்குச் சொல்பவை. அவற்றுக்குத் தனித் திருத்தமும் இரண்டு பிரதிகளும் உண்டு என்றாலும் தொடாமல் விடுவதே நல்லது. நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும் என்பதும் தரத்திலேயே உள்ள விதி. அலங்காரச் சட்டமும் பின்னணிப் புகைப்படமும் முதலில் விழுங்குவது இந்த வெற்றிடத்தைத்தான்.

நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கடை ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படித்தவை. சிவப்பு மையில் அச்சிட்ட கோடு அவற்றுக்கு வெள்ளைக் காகிதமாகவே தெரிந்தது. போன் செயலி கோடைப் படிக்கும்போது நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்ச வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. அதனால் வெள்ளையின் மேல் கருநீலமும் அடர்பச்சையும் தப்பிக்கும். மஞ்சளும் வெளிர் ஆரஞ்சும் காணாமல் போகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள் என்று தலைகீழாக அச்சிடுவதைத் தரம் ஏற்றுக்கொண்டது 2006 பதிப்பில்தான். அதற்கு முந்தைய விதிப்படி எழுதிய செயலிகள் அப்படிப்பட்ட கோடுகளைப் படிக்கத் திணறுவதில் வியப்பில்லை.

மறைப்பதை விட நுட்பமான வழிகள் 2010-க்குப் பின் வந்தன. 2012-இல் ரஸ் காக்ஸ் என்ற நிரலாளர், ஒரு பிழைகூட இல்லாமல் கோடுக்குள் படம் வரையலாம் என்று செய்து காட்டினார். இணைய முகவரியின் முடிவில் # குறிக்குப் பின்னால் வரும் எண்களைச் சர்வர் பார்ப்பதில்லை. எனவே அந்த எண்கள் எதுவாகவும் இருக்கலாம். எந்தக் கட்டம் கறுப்பாக வேண்டும், எது வெள்ளையாக வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்கேற்ற எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்தார். பழுதுபார்க்கும் திறன் முழுதாக மிஞ்சியது. இந்தத் துறையில் வந்தவற்றிலேயே மிக நேர்மையான தீர்வு இதுதான். 2013-இல் தைவான், பிரிட்டன் ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள்: ஒவ்வொரு கட்டத்தையும் 3×3 ஆகப் பிரித்து, நடுப்புள்ளியை மட்டும் கோடுக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள எட்டையும் படத்துக்குக் கொடுத்தார்கள். கருவி கட்டத்தின் மையத்தைத்தான் பார்க்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. கிட்டத்தில் படிக்கும், எட்ட நின்றாலோ ஃபோகஸ் கலைந்தாலோ தடுமாறும். டென்சோவிலிருந்து பிரிந்த டென்சோ வேவ் 2014-இல் ஃப்ரேம் க்யூஆர் என்ற வடிவத்தையே வெளியிட்டது. நடுவில் படத்துக்கெனத் தனி இடம் விட்டிருந்தார்கள். சாதாரணச் செயலிகள் அதைப் படிக்காததால் அது பரவவில்லை.

2017-இல் ஐபோன் கேமராவே க்யூஆர் கோடைப் படிக்கத் தொடங்கியது. இந்தியாவில் அதே ஆண்டு பாரத் க்யூஆர் அறிமுகமானது. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பாடத்தோடு கோடுகள் வந்தன. யூபிஐ பணப் பரிமாற்றம் பரவியபின் டீக்கடை மேஜைக்கும் காய்கறி வண்டிக்கும் கோடு போயிற்று. ஒவ்வொரு பணப் பரிமாற்ற நிறுவனமும் தன் செயலிக்கு மட்டும் பயன்படும் கோடு வெளியிடும் வழக்கத்தை 2020-இல் ரிசர்வ் வங்கி தடுத்து, இருப்பவற்றை 2022 மார்ச்சுக்குள் எல்லோருக்கும் பொதுவானதாக மாற்றச் சொன்னது. நிறுவனத்தின் அடையாளம் இனி லோகோவிலும் அட்டையின் நிறத்திலும் மட்டுமே இருக்க முடியும் என்றானது. கடையில் அந்த அட்டை படும் பாடு டென்சோ பெட்டி பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல: எண்ணெய்க் கை, ஆவி, வெயிலில் வெளுத்த மை, கீறல் விழுந்த லேமினேஷன்.

2023 ஜூனில், படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு நிலக்காட்சியாகவும் முகமாகவும் தோன்றும் கோடுகள் பரவின. அழகில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் வெளிச்ச வேறுபாடு, கட்ட மையம், மூலை விகிதம் மூன்றும் ஒரே படத்தில் ஊசலாடுவதால், ஒரு போனில் படித்தது இன்னொன்றில் படிக்காது. கண்காட்சிக்கு அவை போதும். பணம் வாங்கும் இடத்துக்கு ஒவ்வாது.

முப்பது ஆண்டு அனுபவத்தில் உறுதியாக நிற்பது ஒரு வேலை வரிசை. முதலில் முகவரியைச் சுருக்க வேண்டும். 30 எழுத்து முகவரி எல் நிலையில் 25×25 கட்டங்களில் அடங்கும். ஹெச் நிலைக்கு 33×33 வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் கோடில் ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அதே முகவரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எண்களிலும் இருந்தால், ஹெச் நிலையிலேயே 29×29-இல் முடிந்துவிடும். பிழைதிருத்த நிலையை அதன்பின் உயர்த்தலாம். லோகோவை வைப்பது கடைசி வேலை. அச்சுக்குக் கொடுக்கும் முன், உண்மையான காகிதத்தில், உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, மங்கலான விளக்கின் கீழ், கிடைப்பதிலேயே பழைய போனில் சோதிக்க வேண்டும். அந்தப் போன் தயங்கினால் லோகோவைச் சிறிதாக்குங்கள்.