நிறம் மாறிப் பெயர் சொன்ன குழாய்கள்

பல பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் ஆய்வகங்களிலிருந்து சோதனைக்குழாய் வரிசை விடைபெற்றுவிட்டது. சீழில் வளர்ந்த பாக்டீரியா எது என்பதை நிறம் மாறிக் காட்டிய அந்தக் குழாய்கள் இன்று பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிச் செய்முறைத் தேர்வுகளிலும் சிறிய ஆய்வகங்களிலுமே மிஞ்சியிருக்கின்றன. எத்தனையோ சர்க்கரைப் புண் நோயாளிகளின் கால்களைக் காக்க உதவிய முறை அது. அஞ்சலி இல்லாமல் அதை அனுப்பிவைக்கக் கூடாது.

அது ஒரே நாளில் பிறந்ததல்ல. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் சீழுக்குள் கொத்துக் கொத்தாய் இருந்த ஸ்டஃபிலோகாக்கஸைக் கண்டார். 1884இல் கிராம் என்பவர் பாக்டீரியாக்களை நிறத்தால் இரு வகையாகப் பிரிக்கும் தன் சாயமுறையை வெளியிட்டார். 1898இல் டர்ஹாம், சர்க்கரைக் கரைசலுக்குள் ஒரு குட்டிக் குழாயைக் கவிழ்த்துவைத்து, பாக்டீரியா வெளியிடும் வாயுவை அதில் பிடித்துக் காட்டினார். 1926இல் சிம்மன்ஸின் சிட்ரேட் ஊடகமும் 1946இல் கிறிஸ்டென்சனின் யூரியா ஊடகமும் வந்து சேர, வரிசை நிறைவடைந்தது.

நம் பக்கத்தில் இந்தக் குழாய்களுக்கு வேலை அதிகம். மேலைநாட்டுப் பாடநூல்கள் சர்க்கரைப் புண்ணில் ஸ்டஃபிலோகாக்கஸையே முதலில் வைக்கும். இந்திய ஆய்வுகள் பலவற்றில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களே மிகுதி. 2005இல் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வொன்றில் சூடோமோனாஸ்தான் முதலிடத்தில் இருந்தது. சூடோமோனாஸ், இ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் எல்லாமே கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்புக் குச்சிகள். அவற்றைப் பிரித்துச் சொன்னவை குழாய்களே.

அந்த வேலை மூன்று நாள் நடக்கும். முதல் நாள் சீழை இரத்த அகார், மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகங்களில் லூப்பால் தீற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்பார்கள். மறுநாள் பிளேட்டைத் திறந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். சூடோமோனாஸ் பச்சை பூத்திருக்கும். புரோட்டியஸ் அலையலையாகத் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். மெக்கான்கியில் இளஞ்சிவப்பாக இருந்தால் அது லாக்டோஸைப் புளிக்கவைப்பது. அதன்பின் தனித்த ஒரு காலனியைத் தொட்டு எடுத்துக் குழாய்களில் இடுவார்கள்.

மூன்றாம் நாள் விடை வரும். இண்டோல் சோதனையில் கோவாக்ஸ் கரைசலைச் சொட்டினால் மேலே சிவப்பு வளையம் எழும். சிட்ரேட் பச்சையிலிருந்து நீலமாகும். யூரியா மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகும். இண்டோல், மெத்தில் ரெட், வோகஸ்-பிராஸ்கவர், சிட்ரேட் என்ற நான்கில் இ.கோலை முதல் இரண்டுக்கு 'உண்டு', அடுத்த இரண்டுக்கு 'இல்லை' எனும். கிளெப்சியெல்லா நிமோனியே பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்றால் பிளாஸ்மாவில் கலந்து, அது உறைகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். உறைந்தால் அது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

இதற்குப் பின்னால், ஊடகங்களைத் தயாரிக்கும் மீடியா அறையின் உழைப்பு இருந்தது. ஆட்டோகிளேவின் 121 டிகிரிச் சூட்டில் சில சர்க்கரைகள் சிதைந்துவிடும் என்பதால், அடுத்தடுத்து மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை ஆவியில் வைத்து எடுப்பார்கள். ஒரு குழாய் பிசகினால் அறிக்கையே பிசகும் என்று தெரிந்து வேலை செய்தவர்கள் அவர்கள். எந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சர்க்கரைப் புண்ணில் பல பாக்டீரியாக்கள் கலந்தே இருக்கும். காலனி சுத்தமாகப் பிரியாவிட்டால் குழாய்கள் பொய் சொல்லும். ஆழத்தில் காற்றில்லாமல் வாழ்பவை இந்த வரிசைக்கு எட்டவே இல்லை. எல்லாவற்றையும்விட, மூன்று நாள் என்பது அழுகும் காலுக்கு மிக நீண்ட காலம். இன்று மால்டி-டாஃப் இயந்திரம், வளர்ந்த காலனியை லேசரால் தாக்கிச் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. அதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜப்பானின் கொயிச்சி தனாகா 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த இயந்திரம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அது எங்கே வந்திருக்கிறது? கோபிநத்தத்தை நினைத்துப் பாருங்கள். காவிரிக் காட்டோரத்தில், கர்நாடகத்துக்குள் இருக்கும் தமிழ் பேசும் ஊர்.  அங்கே காலில் முள் தைத்து, உணர்விழந்த பாதத்தில் சீழ் கோத்த ஒருவர் மேட்டூருக்கோ கொள்ளேகாலுக்கோதான் போக வேண்டும். விலையுயர்ந்த அந்த இயந்திரம் எல்லாத் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வந்துவிடாது. குழாய் வரிசைக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஓர் இன்குபேட்டர், ஓர் ஆட்டோகிளேவ், பயின்ற ஒரு கை. இயந்திரம் எட்டாத ஊரில் குழாயையும் எடுத்துவிட்டால், மருத்துவர் ஊகித்து மருந்து எழுதுவதுதான் மிஞ்சும். ஊகத்தில் எழுதிய ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாவையே வளர்க்கும்.

நகரத்தில் குழாய்கள் மறைந்தது நியாயம். தாலுகாவில் மாற்று வருமுன் மறைவது அநியாயம். மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் கிராம் சாயமும் கல்ச்சரும் அடிப்படைக் குழாய்களும் நிலைக்க வேண்டும், அவற்றைப் படிக்கத் தெரிந்த டெக்னீஷியன் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். வாசகருக்கும் ஒரு சொல்: வீட்டில் யாருக்காவது சர்க்கரைப் புண்ணில் சீழ் வைத்தால், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.